இதர

ஆல்பேட்டை சோதனைச் சாவடியில்
பாண்டிப் பேருந்துகளை நிறுத்துவது என் வேலை.
இடுப்பில், ஸ்டெப்னி டயரில், பால் கேனில்,
ஒருமுறை தவிலுக்குள்.
எங்கே ஒளித்தாலும் கண்ணாடி
கண்ணாடி மாதிரிதான் சத்தம் போடும்.

அன்று இது சத்தமே போடவில்லை.
கம்பளிச் சட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார்,
காய்ச்சல் கண்ட நாய்க்குட்டியை
வைத்திருப்பதுபோல.
பெயர் எத்தியேன் புஷ்பநாதன். வயது நாற்பத்தொன்று.
ஊர் கேட்டதற்கு இரண்டு சொன்னார்:
முத்தியால்பேட்டை.
மற்றதை என்னால் எழுத்துக்கூட்ட முடியவில்லை.

"சரக்கா?" என்றார் ஏட்டு.
"திராட்சை" என்றார் அவர்,
பிழை திருத்துவதுபோல.

லேபிளில் சிங்கம் இல்லை, கோட்டை இல்லை.
ஒரு மலைச்சரிவு, ஒற்றைக் கோட்டில்.
கீழே பேனாவால் எழுதிய எண், 1112.
அந்த வருஷம் மொத்தமே இரண்டாயிரம் புட்டிதானாம்.
மூன்று ஏக்கர் தோட்டம்,
ஒரு மாதாம், அவள் மகன், பழுதான டிராக்டர்,
செப்டம்பர் வந்தால் காய்வெட்ட இவர்.

அடையாள அட்டை எங்கே என்று கேட்டால்
இடது கட்டைவிரலைக் காட்டுகிறார்.
கத்தரிக்கோல் தழும்பு.
"இந்த வருஷத்து வெட்டு. புட்டிக்குள்
கொஞ்சம் நானும் இருப்பேன்."
பேருந்தில் யாரும் சிரிக்கவில்லை.
நடத்துநர் விசில் ஊதினார்.

போகும் இடம், வண்டிப்பாளையம், மச்சான் வீடு.
சீமைக்குப் போய் என்ன கிழித்தாய்
என்று ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டாராம் மச்சான்.
ஒன்பது வருஷம் கழித்துப்
பதிலை மடியில் வைத்துக்கொண்டு
போய்க்கொண்டிருந்தார்.

படிவத்தில் கட்டங்கள் உண்டு.
பிராந்தி, விஸ்கி, ரம், பீர், சாராயம், இதர.
இதர என்பதில் டிக் அடித்தேன்.
அளவு எழுநூற்றைம்பது மில்லி.
மதிப்பு, முந்நூறு ரூபாய் என்றார் ஏட்டு.

பறித்தபோது பேசாதவர்
இதற்குக் குரல் உயர்த்தினார்.
"முந்நூறு இல்லை."
பிறகு எவ்வளவு?
"தெரியாது. ஆனால் முந்நூறு இல்லை."

அபராதம் கட்டிவிட்டு ஒரே ஒருமுறை வந்தார்.
திருப்பிக் கேட்கவில்லை.
நிற்க வைத்திருக்கிறீர்களா,
படுக்க வைத்திருக்கிறீர்களா என்றுதான் கேட்டார்.
நின்றால் கார்க் காய்ந்துவிடுமாம்.
அவர் போனதும் கிடங்கைத் திறந்து
பழைய சாக்கின் மேல் அதைச் சாய்த்துவிட்டு வந்தேன்.
சட்டத்தில் தடையொன்றும் இல்லை.
ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை மாதம்.
அதற்கென்ன செய்ய முடியும்.

கோர்ட்டு உத்தரவு வந்தது.
பெண்ணையாற்றங்கரையில் குழி, ஒரு ஜேசிபி,
போட்டோ எடுக்க ஒருவர்,
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பாட்டில்கள்.
காற்றே போதையில் தள்ளாடியது.
மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணிக்கை சொன்னேன்.

இதற்கு மட்டும் மூடி திருகவில்லை.
ஸ்க்ரூடிரைவரால் கார்க்கை உள்ளே தள்ளினான் காவலர் வேல்ராசு.
நானே கையில் வாங்கிக் கவிழ்த்தேன்.
முதலில் புளித்த வாடை.
கெட்டுத்தான் போயிருக்கிறது என்று நினைத்தேன்.
அப்புறம், மழை விழுந்த கருங்கல்.
அப்புறம் நாவல்பழக் கறை படிந்த பள்ளிச் சீருடை.
அதற்கும் அடியில் ஒன்று வந்தது,
அதற்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

மற்றதெல்லாம் குழியில் தேங்கி நிற்க,
இதை மட்டும் விளிம்பு மணல்
அவசரமில்லாமல் குடித்தது.
போட்டோக்காரர் தள்ளி நிற்கச் சொன்னார்.

மாலை பதிவேட்டை முடிக்க உட்கார்ந்தேன்.
முந்நூறின் மேல் ஒரு கோடு இழுத்து
பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.
வேறு தொகை எழுதவில்லை.
தணிக்கையில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.